அந்தப் புள்ளி எங்கே இருந்தது?

மேலூர்ப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். "பிரபஞ்சம் தோன்றிய கதையைச் சொல்லும் இரண்டு புத்தகங்களை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். படிக்கும்போது புரிகிற மாதிரி இருக்கிறது. மூடி வைத்துவிட்டு மகளுக்குச் சொல்லலாம் என்றால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து வெடித்தது, அதுதான் பெருவெடிப்பு என்கிறார்கள். அந்தப் புள்ளி எங்கே இருந்தது? அதற்கு முன்னால் என்ன இருந்தது? யாருமே பார்க்காததை எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? எங்கள் பக்கத்து ஊர் மாணிக்கவாசகர் அன்றைக்கே இதைப் பாடிவிட்டார் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள், அது சரியா? பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் இதைப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?"

மதுரையில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். பட்டப்படிப்பு மாணவர்களில் பலர் "அந்தப் புள்ளி எங்கே இருந்தது" என்று கேட்டதே இல்லை. பாடத்தில் இருக்கிறது, எழுதினால் மதிப்பெண் வரும், அவ்வளவுதான். நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், படித்தது ஏன் மனதில் நிற்கவில்லை என்பது. அதற்கு நீங்கள் காரணமில்லை. இந்த வகைப் புத்தகங்கள் பெரும்பாலும் கதையை முதல் நொடியிலிருந்து ஆரம்பிக்கின்றன. கதை சொல்ல அது நல்ல வழி. ஆனால் அந்த முதல் நொடிதான் விஞ்ஞானிகளுக்கே மிகக் குறைவாகத் தெரிந்த இடம். வைகையின் மூலத்தைத் தேடிப் போகிறவர் எங்கிருந்து கிளம்புவார்? மதுரைப் பாலத்தடியில் கண்முன்னால் இருக்கிற ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவார். சோழவந்தான், அணைப்பட்டி, வைகை அணை, கடமலைக்குண்டு, வருசநாடு. அதற்கு மேல் மலையும் காடும். அங்கே போய் "இதுதான் முதல் ஊற்று" என்று விரலை வைத்துக் காட்டுவது கஷ்டம். ஆனால் அது தெரியவில்லை என்பதற்காகச் சோழவந்தானில் ஓடுகிற ஆறு சந்தேகமாகிவிடாது. உங்கள் புத்தகங்கள் வாசகரை நேராகக் கொண்டுபோய்க் காட்டுக்குள் இறக்கிவிட்டு, அங்கிருந்து கீழே நடக்கச் சொல்கின்றன. வழி தப்பத்தான் செய்யும்.

ஆகவே பின்னாலிருந்து படியுங்கள். இன்றைய வானத்தில் தொடங்கி, ஒவ்வொரு அத்தியாயமாக முன்காலத்துக்குப் போங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் "எதைப் பார்த்து இதைச் சொல்கிறார்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் புத்தகத்தில் இருந்தால் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள். உறுதியாக அளந்த விஷயத்தையும், கணக்குப் போட்டு ஊகித்ததையும், வெறும் யோசனையாக இருப்பதையும் ஒரே குரலில் சொல்வதுதான் இந்தப் புத்தகங்களின் பெரிய குறை. அந்தக் குறையைச் சரிசெய்ய உங்கள் நோட்டு ஒன்று போதும்.

இன்னும் இரண்டு தடைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று சொற்கள். ஒரு புத்தகத்தில் 'அண்டம்' என்றால் முழுப் பிரபஞ்சம், இன்னொன்றில் அதே 'அண்டம்' நம் பால்வெளி போன்ற ஒரு நட்சத்திரக் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கே விண்மீன் திரள், பேரடை, நட்சத்திர மண்டலம் என்று ஆளுக்கொரு பெயர். நான் இங்கே 'பிரபஞ்சம்', 'விண்மீன் திரள்' என்ற இரண்டையே வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று எண்கள். பில்லியன் என்று வந்தால் 100 கோடி என்று மாற்றிக்கொள்ளுங்கள், மில்லியன் என்றால் 10 லட்சம். பிரபஞ்சத்தின் வயது 13.8 பில்லியன் ஆண்டு, அதாவது 1380 கோடி ஆண்டு.

அந்த எண் மனதுக்குள் இறங்க உங்கள் கழுத்தில் தொங்கும் டேப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு இஞ்சுக்கு ஒரு கோடி ஆண்டு என்று வையுங்கள். 60 இஞ்ச் டேப் ஒன்றுக்கு 60 கோடி ஆண்டு. 23 டேப்புகளை முனையோடு முனை சேர்த்தால் 1380 கோடி. இன்றைக்கு இருக்கும் முனையிலிருந்து பின்னால் போனால், டைனோசர்கள் அழிந்தது ஆறரை இஞ்ச் தூரத்தில். பூமி உருவானது எட்டாவது டேப்பின் நடுவில். நம் மனித இனம் முழுவதும் கடைசி ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்த 23 டேப்பையும் மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

இப்போது புள்ளிக்கு வருவோம். ஒரு கை நீளத்துக்கு எலாஸ்டிக் நாடா எடுத்து, இஞ்சுக்கு ஒரு புள்ளி பேனாவால் வையுங்கள். நாடாவை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுங்கள். ஏதாவது ஒரு புள்ளியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் புள்ளி ஒரு இஞ்சிலிருந்து இரண்டு இஞ்சுக்குப் போயிருக்கும், அது நகர்ந்தது ஒரு இஞ்ச். ஐந்தாவது புள்ளி ஐந்திலிருந்து பத்துக்குப் போயிருக்கும், அது நகர்ந்தது ஐந்து இஞ்ச். நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். தூரத்தில் இருப்பது வேகமாக விலகுகிறது. இப்போது வேறொரு புள்ளிக்கு மாறி உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தாலும் இதே கணக்குதான் வரும். ஒவ்வொரு புள்ளியும் "எல்லாரும் என்னை விட்டு விலகுகிறார்கள், நான்தான் நடுவில் இருக்கிறேன்" என்று சொல்ல முடியும். ஆகவே எதுவுமே நடு இல்லை.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இந்த நாடாவில் இருக்கிறது. வெற்றிடத்தின் ஒரு மூலையில் ஒரு வெடிகுண்டு வெடித்து, துண்டுகள் நாலாபக்கமும் பறக்கவில்லை. இடமே விரிந்தது, இன்னும் விரிகிறது. பின்னோக்கி ஓட்டினால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்கும். மேலூரும், அழகர்மலையும், கண்ணுக்கெட்டாத விண்மீன் திரளும் ஒரே நெருக்கத்துக்குள் இருந்தன. அதனால் "அது எங்கே நடந்தது" என்றால் "எல்லா இடத்திலும், நீங்கள் மெஷின் மிதிக்கிற இடத்திலும்தான்" என்பது சரியான பதில். நாடாவுக்கு இரண்டு முனை இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, உவமை அங்கே நின்றுவிடுகிறது. முனையே இல்லாத நாடாவாக மனதில் நீட்டிக்கொள்ளுங்கள். நாம் பார்க்க முடிகிற பகுதி ஒரு காலத்தில் மிகமிகச் சிறியதாக இருந்தது என்பதுதான் தெரிந்தது. முழுப் பிரபஞ்சமும் ஒரு புள்ளியாக இருந்தது என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

அடுத்து வரும் சந்தேகம்: எல்லாம் விரிகிறது என்றால் என் டேப்பும் விரியாதா, மதுரைக்கும் மேலூருக்கும் தூரம் கூடாதா? கூடாது. அந்த எலாஸ்டிக்கில் புள்ளிக்குப் பதில் பட்டன் வைத்துத் தைத்துப் பாருங்கள். நாடா நீளும், பட்டன் அப்படியே இருக்கும். விண்மீன் திரள்கள் பட்டன்கள். ஈர்ப்பு விசை இறுகக் கட்டி வைத்திருக்கிற எதுவும் விரிவதில்லை.

இந்த விலகலை எதைப் பார்த்துச் சொன்னார்கள்? நட்சத்திர ஒளியைப் பட்டகத்தின் வழியாகப் பிரித்தால் வண்ணப் பட்டையின் மேல் இருண்ட கோடுகள் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோட்டு வரிசை உண்டு. சுங்குடிச் சேலையில் புள்ளிகளின் வரிசையைப் பார்த்தே இது இன்ன டிசைன் என்று நீங்கள் சொல்வீர்கள் அல்லவா, அது மாதிரி. துணியை இழுத்தால் புள்ளிகளின் இடைவெளி அதே விகிதத்தில் கூடும், டிசைன் மாறாது. தூரத்துத் திரள்களின் ஒளியில் இதுதான் நடந்திருக்கிறது. டிசைன் ஹைட்ரஜனுடையது, ஆனால் முழு வரிசையும் சிவப்புப் பக்கம் நீண்டு கிடக்கிறது. இதைச் செம்பெயர்ச்சி என்று எழுதுவார்கள்.

கோடு நகர்வதைப் பார்த்து வேகம் சொல்கிற வித்தை நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. மதுரையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் போய்விடக்கூடிய கொடைக்கானல் வானாய்வகத்தில் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளிகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். கோடுகள் லேசாக நகர்ந்திருந்தன. கரும்புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வாயு ஓடுகிறது என்று அதை வைத்தே கண்டுபிடித்தார். உலகம் முழுக்க இன்றும் எவர்ஷெட் விளைவு என்றுதான் அதற்குப் பெயர். விண்மீன் திரள்களின் செம்பெயர்ச்சிக்குக் காரணம் இடம் விரிவது, சூரியனில் வாயு ஓடுவது, அந்த வேறுபாடு உண்டு. கோடுகளைப் படிக்கும் கைவேலை ஒன்றுதான்.

1912-இல் ஹென்ரியட்டா லெவிட் என்ற பெண்மணி, ஒளி கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களை வைத்துத் தூரத்தை அளக்க வழி காட்டினார். அந்த அளவுகோல் இல்லாமல் பின்னால் வந்த எதுவும் நடந்திருக்காது. அவருக்குப் புத்தகங்களில் அரைப்பக்கம்கூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 1927-இல் பெல்ஜியத்துப் பாதிரியார் லெமேத்ர் பிரபஞ்சம் விரிகிறது என்று கணக்கோடு எழுதினார். 1929-இல் அமெரிக்காவின் எட்வின் ஹப்பிள் தூரத்தையும் வேகத்தையும் ஒரே படத்தில் வைத்துக் காட்டினார்.

ஹப்பிளின் எண்களை அப்படியே எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு என்று வந்தது. பூமியின் பாறைகளுக்கோ அதைவிட வயது அதிகம். தாயைவிடப் பிள்ளைக்கு வயது கூடுதல்! எதிர்த்தவர்கள் இதைச் சுட்டிக்காட்டியது முழுக்க நியாயம். 1952-இல் வால்டர் பாடே தூரக் கணக்கில் இருந்த தவறைக் கண்டுபிடித்தார். லெவிட் சொன்ன நட்சத்திரங்களில் இரண்டு வகை இருந்தது தெரியாமல் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். தூரங்கள் இரட்டிப்பாயின, வயதும் கூடியது, அப்புறம் வந்த அளவீடுகளில் இன்னும் சரியானது. "எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்" என்று கேட்டீர்களே, அந்த உறுதி வந்த விதம் இதுதான். தப்பைப் பிடிக்க ஆள் இருந்தது, தப்பு திருத்தப்பட்டது.

இன்னும் பின்னால் போவோம். யாருமே பார்க்காதது என்று எழுதியிருக்கிறீர்கள். வானத்தைப் பொறுத்தவரை பழசைப் பார்க்க முடியும், ஏனென்றால் ஒளி வந்து சேர நேரம் எடுக்கும். சூரியன் 8 நிமிடத்துக்கு முந்தையது. தூரம் கூடக்கூட நாம் பார்ப்பது அவ்வளவு பழசு. அப்படியே போனால் எதுவரை பார்க்கலாம்? தொடக்கத்துக்கு 3,80,000 ஆண்டு பிந்திய காலம் வரை. நம் 23 டேப்பில் அது முதல் முனையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்!

அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் பிரபஞ்சம் ஒளி ஊடுருவ முடியாத கொதிக்கும் மூட்டம். எலெக்ட்ரான்கள் தனியாகத் திரிந்து ஒளியை நேராகப் போகவிடாமல் தட்டிவிட்டுக்கொண்டிருந்தன. வெப்பம் சுமார் 3000 டிகிரிக்கு இறங்கியபோது எலெக்ட்ரான்கள் அணுக்களுக்குள் அடங்கின, மூட்டம் தெளிந்தது, ஒளி கிளம்பியது. எந்த வெப்பத்தில் அணு உடையும், எந்த வெப்பத்தில் சேரும் என்பதற்கான சூத்திரத்தை 1920-இல் கொடுத்தவர் நம் மேகநாத் சாஹா. அன்று கிளம்பிய ஒளி இன்றுவரை பயணம் செய்துகொண்டிருக்கிறது. இடம் ஏறத்தாழ 1100 மடங்கு நீண்டுவிட்டதால் ஒளி அலையும் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலையாகிவிட்டது.

அதைக் கண்டுபிடித்தவர்கள் அதைத் தேடவே இல்லை. 1964-இல் நியூஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் கொம்பு வடிவத்தில் இருந்த ஒரு பெரிய ஆன்டெனாவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலானாலும் இரவானாலும், ஒரு மெல்லிய இரைச்சல். புறாக்கள் கூடு கட்டியிருந்ததைப் பார்த்து, அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள். இரைச்சல் போகவில்லை. பக்கத்திலேயே பிரின்ஸ்டனில் ராபர்ட் டிக்கியின் குழு இதே கதிர்வீச்சைத் தேடக் கருவி கட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் முன்பே, 1948-இல், ஆல்ஃபரும் ஹெர்மனும் இப்படி ஒரு மிச்ச வெப்பம் இருக்கும், அது தனிச்சுழியைவிட (அதற்குக் கீழே எதுவும் குளிர முடியாத வெப்பநிலை, மைனஸ் 273 டிகிரி) சுமார் 5 டிகிரிதான் மேலே இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அளந்தது 3 டிகிரிக்கு அருகில். இன்றைய துல்லியமான அளவு 2.725. பென்சியாஸுக்கும் வில்சனுக்கும் 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

என்னைக் கேட்டால், முழுக் கதையிலும் மிக வலுவான சாட்சி இதுதான். பார்ப்பதற்கு முன்னால் சொன்னார்கள், பிறகு வேறு யாரோ, வேறு வேலையாகப் போனவர்கள், அதையே கண்டார்கள். இப்போது உங்கள் கடைக்குள், ஒரு வேர்க்கடலை அளவு இடத்தில், அந்தப் பழைய ஒளியின் துகள்கள் சுமார் 400 இருக்கின்றன. கொடைக்கானல் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் வந்த காலத்தில், சேனல் எடுக்காதபோது டிவி திரையில் புள்ளிபுள்ளியாகக் கொதிக்குமே, அதில் ஒரு சிறு பங்கு இந்த ஒளிதான். பின்னால் கோபி, டபிள்யூமேப், பிளாங்க் என்று மூன்று விண்கலங்கள் அதைப் படமெடுத்தன. எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே வெப்பம், லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏற்ற இறக்கம். அந்தச் சின்ன ஏற்ற இறக்கங்கள்தான் பிறகு விண்மீன் திரள்களாகத் திரண்டன.

அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் தடயம் கிடைக்கிறது. முதல் சில நிமிடங்களில் பிரபஞ்சம் முழுவதுமே ஓர் அணு உலை. 7 புரோட்டானுக்கு 1 நியூட்ரான் என்ற விகிதம் இருந்ததாகக் கணக்கு சொல்கிறது. இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 14 புரோட்டானும் 2 நியூட்ரானும் எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 16. ஒரு ஹீலியம் கருவுக்கு 2 புரோட்டான், 2 நியூட்ரான் வேண்டும். நியூட்ரான் தீர்ந்துவிட்டது, மிச்சம் 12 புரோட்டான், அது ஹைட்ரஜன். 16-இல் 4 ஹீலியம், அதாவது எடையில் கால் பங்கு. இப்போது வானத்தில், நட்சத்திரங்கள் அதிகம் சமைத்துக் கலக்காத பழைய வாயு மேகங்களை அளந்தால் ஹீலியம் ஏறத்தாழ அதே கால் பங்கு. பத்தாவது படிப்பு போதுமா என்று கேட்டீர்கள். இந்தக் கணக்குக்கு ஐந்தாவது போதும்.

எல்லாம் பொருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். இதே கணக்கு சொல்கிற லித்தியம், பழைய நட்சத்திரங்களில் பார்க்கிற லித்தியத்தைவிட மூன்று மடங்கு அதிகம். ஏன் என்று இன்னும் தீரவில்லை. பிரபஞ்சம் விரியும் வேகத்தையும் இரண்டு வழியில் அளந்தால், விஞ்ஞானிகளின் அலகில், 67 என்று ஒன்றும் 73 என்று ஒன்றும் வருகிறது. ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருள், விரிவை வேகப்படுத்தும் கருமையாற்றல் இரண்டும் என்னவென்று தெரியாது, பெயர் மட்டும் வைத்திருக்கிறோம். புத்தகம் இவற்றைச் சொல்லாமல் தாண்டினால் உங்கள் நோட்டில் கேள்விக்குறி போடுங்கள்.

முதல் நொடிக்கும் முன்னால், அதாவது வருசநாட்டுக்கு மேலே உள்ள காட்டில், நிலைமை வேறு. ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைப் பின்னோக்கி ஓட்டினால் அடர்த்தி எல்லையில்லாமல் ஏறும். கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌத்ரி 1955-இல் எழுதிய ஒரு சமன்பாடும், அதன் மேல் 1960-களில் பென்ரோஸும் ஹாக்கிங்கும் கட்டிய தேற்றங்களும் அந்தச் சமன்பாடுகளுக்குள் இதைத் தவிர்ப்பது கடினம் என்று காட்டின. புத்தகங்கள் 'ஒருமை', 'வழுவிடம்' என்றெல்லாம் எழுதுவது இதைத்தான். கடையில் இருக்கிற கால்குலேட்டரில் 1-ஐ 0-ஆல் வகுத்துப் பாருங்கள், பிழை என்று காட்டும். அதற்கு அர்த்தம் விடை பெரிய எண் என்பதல்ல, அந்தக் கருவியால் அதற்கு மேல் முடியாது என்பது. 'ஒரு புள்ளியிலிருந்து' என்று நீங்கள் படித்தது அந்தப் பிழைச் செய்தியைத்தான். அங்கே ஈர்ப்பும், அணு அளவில் செயல்படும் குவாண்டம் விதிகளும் ஒன்றாக வேலை செய்யும் ஒரு புதிய கோட்பாடு வேண்டும். அது இன்னும் நம் கையில் இல்லை.

ஆகவே "அதற்கு முன்னால் என்ன?" என்ற கேள்விக்கு இன்றைய நேர்மையான பதில்: தெரியாது. காலமே அங்கேதான் தொடங்கியது என்பது ஒரு யோசனை. முன்னால் ஒரு பிரபஞ்சம் சுருங்கி மறுபடி விரிந்தது என்பது இன்னொன்று. கண்ணிமைக்கும் நேரத்தில் கோடானுகோடி பாகம் கூட இல்லாத கணத்தில் பிரபஞ்சம் பிரமாண்டமாக உப்பியது என்ற கருத்து 1981-இல் ஆலன் கூத் எழுதியதிலிருந்து பரவியது. அது பல விஷயங்களை நன்றாக விளக்குகிறது, ஆனால் நேரடிச் சாட்சி இன்னும் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்தில் வேலை செய்த ஒரு குழு சாட்சி கிடைத்துவிட்டது என்று அறிவித்தது, உலகப் பத்திரிகைகள் எல்லாம் தலைப்பில் போட்டன. அடுத்த ஆண்டுக்குள், அவர்கள் பார்த்ததை நம் பால்வெளியின் தூசியே விளக்கிவிடும் என்று தெரிந்தது. பல பிரபஞ்சங்கள் பற்றிய அத்தியாயம் உங்கள் புத்தகத்தில் இருந்தால் சுவாரசியத்துக்குப் படியுங்கள். அளந்தது எதுவும் அதில் இருக்காது.

பெருவெடிப்பு என்ற பெயரே உங்களைக் குழப்பியிருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர் அதை ஏற்காதவர். 1949-இல் பிரெட் ஹாயில் பிபிசி வானொலியில் பேசும்போது சொன்ன சொல் அது. பிரபஞ்சம் என்றைக்கும் இப்படியேதான் இருக்கிறது, விரிய விரிய இடையில் புதுப் பொருள் பிறக்கிறது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி தோற்றது, ஆனால் ஹாயில் சிறியவர் இல்லை. கார்பனும் இரும்பும் நட்சத்திரங்களுக்குள்தான் சமைக்கப்பட்டன என்று 1957-இல் மூன்று பேரோடு சேர்ந்து நிறுவியவர் அவர். உங்கள் ஊசியில் இருக்கிற இரும்பு ஏதோ ஒரு பழைய நட்சத்திரத்தில் உருவானது. உங்கள் குடத்துத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் முதல் நிமிடங்களிலிருந்தே இருப்பது. அவருடைய மாணவர் ஜெயந்த் நார்லிகர் 2025-இல் மறையும்வரை மாற்றுக் கருத்தைத் தளராமல் சொல்லிவந்தார், புணேயில் பெரிய ஆய்வு மையத்தையும் உருவாக்கினார்.

அந்தச் சண்டையில் தமிழ்நாட்டு மண்ணிலிருந்தும் ஒரு சாட்சி போனது. ஊட்டி முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970-இல் வேலையைத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் ஒரு மலைச் சரிவில் வைத்தார்கள் தெரியுமா? அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது, அந்த ஓர் அச்சில் சுழற்றினாலே ஒரு வான்பொருளைப் பல மணி நேரம் விடாமல் தொடரலாம். நிலா ஒரு ரேடியோ மூலத்தை (ரேடியோ அலை வீசும் வான்பொருளை) மறைக்கும் கணத்தை வைத்து அதன் அளவைக் கண்டார்கள். தூரத்தில் இருப்பவையும் பக்கத்தில் இருப்பவையும் ஒரே மாதிரி இல்லை, பிரபஞ்சம் காலத்தோடு மாறி வந்திருக்கிறது என்ற பக்கத்துக்கு 1975-இல் அந்த முடிவுகள் வலு சேர்த்தன. தமிழில் வருகிற புத்தகங்கள் இதைச் சொல்லாமல் நியூஜெர்சிப் புறாவை மட்டும் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை.

மாணிக்கவாசகர் விஷயம். திருவாதவூர் உங்களுக்குப் பக்கம், அந்தப் பெருமை நியாயமானது. திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் அவர் அண்டங்களின் பெருக்கத்தை "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்கிறார். வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் தூசி போல அவையெல்லாம் சிறிதாகும்படி பெரியவன் இறைவன் என்று தொடர்கிறார். படித்தால் உடம்பு சிலிர்க்கும். அதற்கும் முந்தைய பரிபாடலில், வானிலிருந்து காற்று, தீ, நீர், நிலம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய வரிசை வருகிறது. இந்தக் கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதற்கு இவை போதும். ஆனால் "எதைப் பார்த்து?" என்ற நம் கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். அவர் 'விரிந்தன' என்றது பரந்து கிடக்கும் பெருமையை. திரள்கள் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் விலகுகின்றன என்ற அளவீட்டை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அது பக்திப் பாட்டு. அதை இயற்பியல் சூத்திரமாக்கினால், பாட்டில் இருக்கிற தூசியும் வெயிலும் காணாமல் போய்விடும், எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

பத்திரிகைத் தலைப்புகள் பற்றியும் ஒரு வார்த்தை. 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்கள் வந்தவுடன் "பெருவெடிப்பு பொய்யானது" என்று எங்கும் செய்தி ஓடியது. உண்மையில் நடந்தது, மிக ஆரம்பக் காலத்துத் திரள்கள் எதிர்பார்த்ததைவிடப் பிரகாசமாக இருந்தன என்பதே. திரள்கள் எப்படி, எவ்வளவு சீக்கிரம் வளர்ந்தன என்ற அத்தியாயத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. ஹீலியத்தின் கால் பங்கும் 2.725 டிகிரியும் அப்படியேதான் இருக்கின்றன.

அர்த்தம் இருக்கிறதா என்ற கடைசிக் கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொல்லப்போவதில்லை. எலாஸ்டிக்கை இழுத்துக் காட்டி, 16-இல் 4 என்ற கணக்கைப் போட்டுக் காட்டி உங்கள் மகளுக்கு ஒரு மாலைநேரத்தில் சொல்லிப் பாருங்கள். சமன்பாடு எழுதத் தெரிந்த என் மாணவர்கள் பலரால் முடியாதது அது.

இன்னும் ஒன்று. கார்த்திகை மாதம் அமாவாசையை ஒட்டி, மழை விட்ட ஒரு நாள், இரவு எட்டு மணி வாக்கில் தெருவிளக்கு இல்லாத கண்மாய்க் கரைக்கு இரண்டு பேரும் போங்கள். வடக்கே பார்த்து நில்லுங்கள். ஜிக்ஜாக் தையல் மாதிரி ஐந்து நட்சத்திரங்கள் தெரியும். அங்கிருந்து தலை உச்சியை நோக்கி, நீட்டிய கையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக மேலே போனால், மங்கலாக ஒரு பஞ்சுத் துணுக்கு. கண் இருட்டுக்குப் பழகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், செல்போனைத் தொடாதீர்கள். அதுதான் ஆன்ட்ரோமீடா, 25 லட்சம் ஒளியாண்டு (ஒளி வந்து சேர 25 லட்சம் ஆண்டு ஆகும்) தூரத்தில் இருக்கும் விண்மீன் திரள். அது நம்மைவிட்டு விலகவில்லை, நெருங்கி வருகிறது. இரண்டு பட்டன்களையும் ஈர்ப்பு என்ற நூல் சேர்த்துக் கட்டியிருக்கிறது. கண்ணில் படும் அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது நம் இனம் இன்னும் தோன்றவில்லை. உங்கள் டேப்பில் அது கால் இஞ்ச்.